கல்யாண மண்டபத்தில் இணையத்தின் எதிர்காலம்

மேடை இல்லாத மாநாட்டை எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் மேடையைத் திரை போட்டு மூடிவிட்டு, நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வாசலில் 'இணையமும் நாளைய சமூகமும்' என்று துணி கட்டியிருந்தது. பேச்சாளர் கிடையாது, தலைவர் கிடையாது, எல்லோரும் சமம், எதைப் பேசுவது என்பதையே வந்தவர்கள்தான் முடிவு செய்வார்கள் என்றார் அமைப்பாளர். அடையாறு பக்கத்திலிருந்து வந்த இளைஞர். நல்ல மனிதர். எனக்கு நல்ல மனிதர்களிடம்தான் அதிகம் கோபம் வருகிறது. கெட்டவன் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

நான் அப்போது கல்மண்டபம் பகுதியில், அப்பாவின் மளிகைக் கடை மாடியில், ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. போன் லைன் கீச்கீச்சென்று கத்தி, மனசு வந்தால் இணையம் வரும், இல்லாவிட்டால் இல்லை. பருப்பு மூட்டை அடுக்க வேண்டிய இடத்தில் மகள் கணினி டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறாளே என்ற வருத்தம் அப்பாவுக்குக் கடைசிவரை இருந்தது. கப்பலுக்குப் போனவர்களின் வீட்டார்தான் எனக்கு வாடிக்கை.

சடையங்குப்பத்து அக்கா எனக்குப் பழக்கமானதும் அப்படித்தான். அவள் தம்பி ஏதோ ஒரு கப்பலில் சமையல் வேலையில் இருந்தான். அவன் மெயில் போட்டிருக்கிறானா என்று பார்க்க பஸ் மாறி வருவாள். நான் வாசிப்பேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன் தெருப் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. அவள் கணவர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவர். உயரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய், கட்டிலோடு கிடந்தார்.

சடையங்குப்பம் ஆற்றோரப் பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீர் ஊருக்குள் வந்தால் மற்றவர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மேட்டு ரோட்டுக்கு ஓடுவார்கள். அக்கா தன் கணவரைத் தூக்க இரண்டு ஆண்பிள்ளைகளைத் தேடிக்கொண்டு ஓட வேண்டும். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு அந்தத் தெருவில் ஆண்பிள்ளைக்கு எங்கே போவது?

"மழைய பாத்து எனுக்கு பயமில்லமா. அது கண்ணுக்கு தெரிஞ்சிகினு வருது" என்பாள். "மேல ஏரிய தொறந்து வுட்றாங்க பாரு, அதான் பேஜாரு. இங்க வெயில் அடிச்சிகினு கீது, வூட்டுக்குள்ள தண்ணி பூந்துகினு வருது."

ஏரி திறக்கும் விவரம் யார் யாருக்கோ போகும். கடைசியில் இருக்கும் சடையங்குப்பத்துக்கு அது தண்ணீராகவே வந்து சேரும்.

மாநாட்டுக்கு அவளையும் அவள் தெருப் பெண்களையும் நான்தான் அழைத்துப் போனேன். காலை டீயின்போது ஒருவர் எங்களோடு வந்து நின்றார். ஆற்றின் மேல்பக்கம் ஒரு கிராமத்தில் என்னைப் போலவே சென்டர் வைத்திருப்பவர். அக்காவின் ஊர் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவுடன் அவர் சொன்னார்: "மதகு தூக்கினா எங்க ஊர்ல உடனே தெரிஞ்சிடும்மா. அந்தத் தண்ணி உங்களுக்கு வந்து சேர அரை நாள் ஆகும்."

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அர நாளா? அர நாள் கெடச்சா நா அவர ரெண்டு தபா தூக்கினு போயி ரெண்டு தபா தூக்கினு வந்துருவேனே!"

அங்கேயே, அந்த டீ மேஜைக்குப் பக்கத்திலேயே எல்லாம் முடிவாகிவிட்டது. சடையங்குப்பத்தில் ரேஷன் கடையை ஒட்டிய அறை காலியாகத்தான் கிடந்தது. அதில் ஒரு கணினி, ஒரு போன் லைன். மேல் ஊரிலிருந்து ஒரு மெயில் வந்தால் போதும். நான் ஒரு பெரிய தாளில் 'தண்ணீருக்கு முன்னால் தகவல்' என்று எழுதி சுவரில் ஒட்டினேன். மற்றவர்களும் அவரவர் தலைப்பை எழுதி ஒட்டினார்கள்.

அமைப்பாளர் எல்லோருக்கும் மூன்று சிவப்பு வட்ட ஸ்டிக்கர் கொடுத்தார். பிடித்த தலைப்பில் ஒட்ட வேண்டும். அதிகம் பெற்ற தலைப்பை மதியம் எல்லோரும் சேர்ந்து பேசுவோம், அதையே எங்கள் அமைப்பு இந்த வட்டாரத்தில் ஒரு வருடம் பணம் போட்டுச் செய்து பார்க்கும் என்றார். நான் மண்டபத்தை ஒரு சுற்று பார்த்தேன். பாதிக்கு மேல் எங்கள் பெண்கள்தான். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அக்காவின் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. வெள்ளத்தின்போது தார்ப்பாயோ சோற்றுப் பொட்டலமோ எது வந்தாலும், என் வீட்டுக்கு வேண்டும் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. இவள் பக்கத்து வீட்டைச் சொல்வாள், பக்கத்து வீட்டுக்காரி இவள் வீட்டைச் சொல்வாள். தனக்கென்று கை நீட்டுகிறவளை அங்கே யாரும் மதிப்பதில்லை. இந்த ஒழுங்கு இருந்ததால்தான் எத்தனை வெள்ளம் வந்தும் அந்தத் தெருவில் பொட்டலத்துக்காக அடிதடி வந்ததில்லை.

பெண்கள் வரிசையாகப் போய் ஸ்டிக்கரை ஒட்டினார்கள். எங்கள் தாளில் அல்ல. சுவரின் கோடியில், கல்லூரி மாணவர் ஒருவர் தன் தாளுக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். இருபது வருடத்தில் இணையம் மனிதனை எப்படி மாற்றும் என்பது அவர் தலைப்பு. அதில் சிவப்பு குவிந்துகொண்டிருந்தது. அக்காவும் தன்னுடைய மூன்றையும் அங்கேதான் ஒட்டினாள்.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "என்னக்கா பண்றீங்க?"

"பாவம்மா அந்தப் புள்ள. அவ்ளோ தூரத்துலர்ந்து வந்து தனியா நின்னுகினு கீது. மொதல்ல ஒண்ணு கூட வுழல."

"நம்ம தாளுக்கு யாரு ஒட்டுறது?"

"நம்பளுதுக்கு நம்பளே ஒட்டிக்குவமா? கலீஜா இருக்காது? அவுங்க ஒட்டுவாங்க, வுடு."

அவர்கள் ஒட்டவில்லை. நகரத்திலிருந்து வந்தவர்கள் அவரவர் தலைப்பில் அவரவர் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டார்கள். அதுதானே ஓட்டு, அவர்கள் மேல் என்ன தப்பு? எங்கள் தாளில் விழுந்தவை என்னுடையவையும் அந்த மேல் ஊர்க்காரருடையவையும் மட்டும்.

அமைப்பாளரிடம் சண்டைக்குப் போனேன். அந்தப் பெண்கள் ஒட்டியது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை, அது ஓட்டு இல்லை, மறுபடி ஒருமுறை ஒட்டச் சொல்லுங்கள் என்றேன். அவர் முகம் உண்மையிலேயே வாடிப்போயிற்று.

"இது மக்களோட முடிவு மேடம். எனக்குப் பிடிக்கலைன்னு நான் மாத்தச் சொன்னா, அப்புறம் பங்கேற்புக்கு என்ன அர்த்தம்?"

அவர் சொன்னதில் குறை கண்டுபிடிக்க இன்றுவரை என்னால் முடியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். சுவரை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். "அப்ப யாருமே நமக்கு ஒட்டலியா?" என்று கேட்டாள். கோபமில்லை. கூச்சப்பட்டாள், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவள் மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதியம் சாம்பார் சாதம் சாப்பிட்டு வட்டமாக உட்கார்ந்தோம். இருபது வருடத்தில் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் இணையம் இருக்கும், தகவல் தெரியாத மனிதனே உலகத்தில் இருக்க மாட்டான் என்றார் மாணவர். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினாள். அந்த அமைப்பு பிறகு ஒரு வருடம் கல்லூரிகளில் அதைப் பற்றிக் கலந்துரையாடல் நடத்தியது என்று கேள்விப்பட்டேன்.

என் சென்டருக்காவது மெயில் வரட்டும் என்று யோசித்துப் பார்த்தேன். கல்மண்டபத்தில் எனக்குத் தெரிந்து என்ன பயன்? அக்காவின் தெருவில் கூப்பிட்டுச் சொல்ல ஒரு போன் கிடையாது. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது. கணினியும் போன் லைனும் கேட்டு எங்கெங்கோ போய் நின்றேன். பார்க்கலாம் என்றார்கள். மேல் ஊர்க்காரருக்கும் எனக்கும் இதைப் பற்றிப் பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று.

அந்த வருடம் ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்த மழை ஒரு காலையில் வெறித்தது. நல்ல வெயில். அக்கா மணலியில் ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போய்விட்டாள். மதியத்துக்கு மேல் தண்ணீர் வந்தது. சேதி கேட்டு அவள் ஓடி வந்தபோது மேட்டு ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள், கீழே இறங்க விடவில்லை. அவள் கணவர் கிடந்த கட்டில் முழங்கால் உயரம்தான், தண்ணீர் இடுப்பளவு வந்திருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு போனேன். போவதற்கு முன்னால் மேல் ஊர்க்காரருக்குப் போன் போட்டேன், ஏன் போட்டேனோ. மதகு எப்போது தூக்கினார்கள் என்று கேட்டேன், சொன்னார்.

அக்கா வீட்டு வாசலில், சேற்றை வழித்துப் போட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். நகத்திலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்த மேல் ஊர்க்காரருக்கு இந்த தபா தெரிஞ்சிதா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"தெரிஞ்சிருக்குக்கா."

"எப்ப?"

"காலையிலேயே."

அவள் தலையை ஆட்டினாள்.

"காலீல நா வூட்லதாம்மா இருந்தேன். அவுருக்கு கஞ்சி ஊத்திகினு இருந்தேன். பக்கத்து வூட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரும் இங்கதான் நின்னு பல்லு வெளக்கினு இருந்தானுங்க."