துணி எடுத்தாச்சா?

1. வெள்ளிக்கிழமை மாலை

மாலை ஆறரை மணி இருக்கும். மகளுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. அன்று மதியம் டெலிவரி கொடுத்த காரின் பைப்புக்குள் ஒரு துணி இருக்கிறதா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தால் பெரிய ஆபத்து. அந்தக் காரின் சொந்தக்காரர் மறுநாள் காலை அதை ரேஸ் டிராக்குக்கு எடுத்துப் போகிறார். முழு வேகத்தில் துணி உள்ளே இழுக்கப்பட்டு, எஞ்சினுக்குக் காற்று விடும் கதவில் சிக்கினால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி அடங்காமல் ஓடலாம்.

பட்டறை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக்கல் படித்தவள். குழந்தை பிறந்து மூன்று வருடம் வீட்டில் இருந்தேன். பிறகு மேற்கு மாம்பலத்தில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு ரேடியேட்டர் பட்டறையில் சேர்ந்தேன். முதலாளி ரஃபீக் பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெல்டிங் முழுவதும் அவர் கை. அளவெடுப்பது, டிராயிங், டெஸ்டிங், கடைசியில் ஜாப் கார்டில் ‘பாஸ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

2. பஸ் ஜன்னல்

அந்தக் கார் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து வந்தது. இரண்டே சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் கார். சொந்தக்காரர் அரவிந்த் சார் அதில் பெரிய டர்போ வைத்திருந்தார். “தி. நகர் சிக்னல்ல பத்து நிமிஷம் நின்னா போதும், டெம்பரேச்சர் ஏறிடுது. டிராக்ல ரெண்டு ரவுண்டுக்கு மேல ஓட்ட முடியல” என்றார்.

டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குத் தள்ளும். அமுக்கினால் காற்று சுடும். அதைக் குளிர வைப்பது இன்டர்கூலர். எஞ்சினின் தண்ணீரைக் குளிர வைப்பது ரேடியேட்டர். இந்த வண்டியில் இன்டர்கூலர் முன்னால், ரேடியேட்டர் அதற்கு நேர் பின்னால்.

ரஃபீக் பாய் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார். “முன்னாடி நிக்கிறவன் காத்தெல்லாம் வாங்கிக்கினா பின்னாடி நிக்கிறவனுக்கு இன்னா கெடைக்கும் சார்? பஸ்ல ஜன்னலாண்ட குந்திக்கினவன் கததான். ஆளுக்கொரு ஜன்னல் குடுக்கணும்.”

அப்படித்தான் செய்தோம். பக்கவாட்டில் பார்த்தால் படுத்திருக்கும் ஆங்கில ‘வி’ எழுத்துபோல இன்டர்கூலரை மேலேயும் ரேடியேட்டரைக் கீழேயும் சாய்த்து வைத்து, இரண்டுக்கும் தனித்தனிக் காற்று வழி விட்டோம். அட்டையில் மாதிரி வெட்டி மூன்று முறை மாற்றினேன். பாய் அலுமினியத்தில் டேங்கும் பைப்பும் வெல்டிங் செய்தார். ஒவ்வொன்றையும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடித்து, கசிகிறதா என்று பார்த்தேன்.

ரேடியேட்டரை வண்டியில் பொருத்திய பிறகு எனக்கு ஒரு வெல்டிங்மேல் சந்தேகம் வந்தது. கழற்றச் சொன்னேன். மறுபடி தொட்டியில் போட்டோம். ஒன்றுமில்லை. அரை நாள் போனது.

“ஒரு பப்புள் கூட வரல மேடம். கொழந்தைக்கு ஜுரம் பாக்குற மாதிரி இதுக்கும் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு கீறீங்க” என்றார் பாய். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் இனி சந்தேகத்தை வாயைவிட்டுச் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவுதான் தவறு.

3. டெலிவரி

வெள்ளிக்கிழமை காலையில் கடைசியாகப் பானெட்டை மூடிப் பார்த்தபோது, ஒரு பிராக்கெட் லேசாக இடித்தது. கிரைண்டர் வைத்துத் தேய்க்க வேண்டும். பக்கத்தில் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பைப், நாங்கள் கோல்டு சைடு என்று சொல்வது, வாய் திறந்து இருந்தது. அலுமினியப் பொடி உள்ளே விழாமல் இருக்க அதில் பனியன் வேஸ்ட் துணியைத் திணிப்பது வழக்கம். பாய் ஒரு துணியைச் சுருட்டி, கிரைண்டரில் மாட்டாதபடி விரலால் ஆழமாகத் தள்ளினார்.

பிராக்கெட்டைத் தேய்த்து முடிப்பதற்குள் அரவிந்த் சார் வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். கம்ப்ரெசர் ஓடிக்கொண்டிருந்தது. பானெட்டுக்கு அந்தப் பக்கம் தலையை விட்டு ஹோஸ் மாட்டிக்கொண்டிருந்த பாயிடம் துணியைப் பற்றிக் கேட்டேன். பதில் வந்தது. கார்டில் டிக் போட்டேன். ‘பாஸ்’ என்று எழுதினேன்.

4. நாற்பது நிமிடம்

மாலையில் சந்தேகம் வந்ததும் நான் போன் செய்யவில்லை. நாற்பது நிமிடம் சும்மா இருந்தேன். இதை மறைத்தால் இந்தக் குறிப்பு எழுதுவதில் பயனில்லை. மறுபடியும் ஒன்றுமில்லாததற்கு வண்டியைப் பிரிக்கச் சொன்னால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். மகளுக்கு வாய் துடைத்தேன். அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மாமியார், “இப்பதானம்மா பாத்துட்டு வந்தே” என்றார். அவர் சொன்னது சரிதான். அதனால் துணி விஷயமும் என் மனப்பிராந்திதான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் துணியை எடுத்த கை யாருடையது என்று எத்தனை முறை யோசித்தாலும் தெரியவில்லை.

கடைசியில் பாய்க்குப் போன் செய்தேன்.

“பாய், கோல்டு சைடு துணிய நீங்க எடுத்தீங்களா?”

“நீங்கதான மேடம் எடுத்தாச்சுன்னீங்க?”

“இல்ல பாய். ‘எடுத்தாச்சா?’ன்னு கேட்டேன். நீங்க ‘எடுத்தாச்சு, சரி’ன்னீங்க.”

“நான் ‘எடுத்தாச்சா? சரி’ன்னேன்.”

கம்ப்ரெசர் சத்தத்தில் அவருக்கு என் கேள்வியின் கடைசி எழுத்துக் கேட்கவில்லை. அவர் கேள்வியின் கடைசி எழுத்து எனக்குக் கேட்கவில்லை. எடுத்தாச்சு என்ற சொல்லில் எடுத்தவர் யார் என்பதும் இல்லை. நாங்கள் நாள் முழுவதும் பேசுவது இந்தச் சொல்லில்தான். முடுக்கியாச்சு, பாத்தாச்சு, மாட்டியாச்சு.

“யா அல்லா” என்றார் பாய். “வெச்சிடுங்க, நான் சாருக்கு அடிக்கிறேன்.”

சார் எடுக்கவில்லை. நானும் அடித்தேன். நான்காவது முறைக்குப் பிறகு அவரே கூப்பிட்டார்.

“வண்டி ஓட்டிட்டு இருந்தேன் மேடம். பொண்ண பெசன்ட் நகர் வரைக்கும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனேன். பிக்கப் கொஞ்சம் கம்மியா இருக்கு. புது செட்டப், செட்டாகணுமா?”

“சார், இனிமே வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்றேன். காரணத்தையும் சொன்னேன். “காலைல ஆறு மணிக்கு வாங்க” என்று போனை வைத்தார்.

5. பக்கத்து சீட்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பம்பரைக் கழற்றினோம். பாய் கிளாம்பைத் தளர்த்தி, பைப்பை உருவி என்னிடம் கொடுத்தார். வளைவில், காற்றின் சூடு பார்க்கும் சென்சார் முனை பைப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் துணி மாட்டித் தொங்கியது. பாதி கிழிந்திருந்தது. அதைத் தாண்டினால் ஒரு சாண் தூரத்தில் எஞ்சின் காற்றுக் கதவு.

“யாரு விட்டது?” என்று சார் கேட்டார்.

“நான் வெச்சேன் சார். நான் எடுக்கல” என்றார் பாய்.

“நான் பாக்காம டிக் போட்டேன்” என்றேன்.

பைப், இன்டர்கூலர், ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றி, டார்ச் அடித்து, நூல்கூட இல்லை என்று பார்த்து, மறுபடி மாட்டி முடிக்க மதியமாகிவிட்டது. சார் அன்று டிராக்குக்குப் போகவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“ஏறுங்க மேடம். ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்.”

நான் தயங்கினேன். வீட்டில் மகள் தூங்கி எழும் நேரம் என்ற நினைப்பு வந்தது. என் தயக்கத்தை அவர் பார்த்துவிட்டார்.

“நேத்து என் பொண்ணு உக்காந்துட்டு வந்த சீட்டு அது” என்றார். குரலை உயர்த்தவில்லை.

ரஃபீக் பாய் தலையைக் குனிந்துகொண்டார். நான் சாரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன். பைப்புகளைப் பிடிக்கும் ஆறு கிளாம்பையும் முடுக்கியது பாய்தான், முடுக்கியதை நான் பார்க்கவும் செய்தேன். இருந்தாலும் ஸ்பேனரை வாங்கி, ஒவ்வொன்றிலும் நானே கை வைத்தேன். பிறகு ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டேன். அடையாறு பாலம் வரை போய்த் திரும்பினோம். பிக்கப் நன்றாக இருந்தது. டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது. அதற்குப் பிறகு அவர் எங்கள் பட்டறைக்கு வரவில்லை.

இப்போது எங்கள் பட்டறையில் பைப்பில் வைக்கும் துணி சிவப்பு. ஒரு முழம் நாடா தைத்து வெளியே தொங்க விட்டிருப்போம். யார் எடுத்தாலும் தன் பெயரோடு ‘நான் எடுத்தேன்’ என்று சொல்லி, துணியை என் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் டிக்.

அதோடு, டெலிவரிக்கு முன்னால் எந்த வண்டியானாலும் முதல் ரவுண்டு பக்கத்து சீட்டில் நான் போகிறேன். ரஃபீக் பாய் ஓட்டுவார். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் எனக்குத் தயக்கம் வருகிறது. வண்டியில் எந்த இடத்தை நினைத்துத் தயங்குகிறேனோ, அந்த இடத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஏறுகிறேன்.