கறுப்புக் கதிர்

பெண்டாட்டி கொடுக்கிற மோரைக்கூட மோந்து பார்க்காமல் குடிக்க மாட்டான், அன்னவாசல் பக்கத்துக் குடியானவன் அடைக்கலம். ஐம்பத்திரண்டாம் வருஷம் மழை ஏமாற்றி, விதைநெல்லையும் பொங்கித் தின்ற பிறகு, வேறு வழியில்லாமல் பக்கத்து வயல்காரன் ராக்கனிடம் விதை கேட்டான். அவனும் உடனே அள்ளிக் கொடுத்தான். அதுதான் இவனுக்கு உறுத்தியது. சும்மா கொடுக்கிறானே, அவித்துக் கொடுத்திருப்பானோ? ஒரு பிடியை ஈரத்துணியில் முடிந்து வைத்தான். மூன்றாம் நாள் அத்தனையும் முளைவிட்டிருந்தது. அப்படியும் சந்தேகம் தீரவில்லை.

கதிர் பழுத்ததும் கண்டுபிடித்துவிட்டான். மஞ்சள் நெல்லுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்புக் கதிர். ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய் ராக்கன் வீட்டு வாசலில் நின்று கத்தினான்.

"கலப்பட விதையைக் குடுத்து என்னைய ஏமாத்திட்டியேடா!"

ராக்கன் கதிரை வாங்கிப் பார்த்தான்.

"அண்ணே, நாப்பத்தெட்டுல நீங்க எனக்குக் குடுத்த விதைதான் இது. 'எவன் வயல்ல என் நெல்லு நிக்குதுன்னு எனக்குத் தெரியணும், ரெண்டு கை கறுப்பு கலந்திருக்கேன்'னு நீங்கதானே சொன்னீங்க? ஒங்க அடையாளமாச்சேன்னு வருசா வருசம் பொறுக்கி எறியாம வச்சிருக்கோம்."