ஆனிக் கடைசி வெள்ளியில் ஒரு வேதியியல் வகுப்பு

1. மடல் வெளியான வாரம்

கல்லூரி திறப்பதற்கு முன் நாங்கள் வெளியிடும் செய்தி மடல் திருப்பூர் முழுவதும் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எம்.எஸ்ஸி. வேதியியலுக்கு விண்ணப்பப் படிவம் வாங்க ஒருவர்கூட அலுவலகப் படியேறவில்லை.

அது அறுபதுகளின் இறுதி. நான் அக்கல்லூரியில் தமிழ் விரிவுரையாளனாக இருந்தேன். பக்தி இலக்கியம் நடத்துவது என் பணி. மடலைத் தொகுத்து அச்சேற்றுவது என்மேல் சுமத்தப்பட்ட இன்னொரு பணி. நான்கு பக்கங்கள். யார் மாற்றலாகிப் போனார், யார் புதிதாகச் சேர்ந்தார், விடுதிக் காப்பாளர் யார், நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பனவெல்லாம் அதில் இருக்கும். பனியன் கம்பெனி முதலாளிகள் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் எழுந்த கல்லூரியாதலால் மடலின் ஒரு படி ஒவ்வொரு கம்பெனிக்கும் போகும்.

அவ்வாண்டு மடலில் இரண்டு செய்திகள் தடித்த எழுத்தில் இருந்தன. ஒன்று, எங்கள் கல்லூரியின் முதல் முதுகலை வகுப்பை ஜூலை நடுவில் துணைவேந்தர் தொடங்கிவைப்பார் என்பது. மற்றொன்று, அவ்வகுப்புக்கென்றே செல்வி ரோஸ்லின் வேதியியல் விரிவுரையாளராகச் சேர்ந்துள்ளார் என்பது.

துணைவேந்தர் கொடுத்த நாள் ஆடி முதல் தேதி. அச்சுக்குப் போகும் முன் அதை முதல்வரிடம் சொன்னேன். அவர் திருநெல்வேலிச் சீமைக்காரர், வரலாற்றுப் பேராசிரியர், உரக்கச் சிரிப்பவர்.

"என்னவே தமிழய்யா, எம்.எஸ்ஸி. படிக்க வாரவன் ஆடி பாப்பானாவே? ஆட்டம் பாம் செஞ்சவன் எந்த மாசத்துல செஞ்சான்னு கேட்டுச் சொல்லும், போம்" என்றார்.

ஊரார் ஆங்கிலத் தேதியைப் படித்தவுடன் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது.

2. ரோஸ்லின் அம்மையார் கேட்டது

பல்கலைக்கழகத்தின் நிபந்தனை எளிமையானது. ஜூலை முடிவதற்குள் எட்டு மாணவர் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் அனுமதி ரத்து. அனுமதி இல்லையேல் அந்தப் பணியிடமும் இல்லை.

ரோஸ்லின் அம்மையார் நெருப்பெரிச்சல் பக்கத்துக் கிறித்தவக் குடும்பத்துப் பெண். தந்தையார் அந்தோணி நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். நிரந்தரமான பள்ளி ஆசிரியைப் பணியை எழுதிக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்திருந்தார். ஆசிரியர் அறையில் என் மேசைக்கு எதிரே நின்று மெல்லிய குரலில் கேட்டார்:

"ஐயா, மடல்ல எம் பேரு வந்ததை எங்கப்பா கோயில்ல அத்தனை பேருத்துக்கும் காட்டீட்டாருங்க. கிளாஸே இல்லீன்னு ஆயிட்டா நான் எந்த மொகத்தை வெச்சுட்டு ஊட்டுக்குப் போறதுங்க? பழைய ஸ்கூல்ல வேற ஆளைப் போட்டுட்டாங்க."

பேச்சை மாற்றுவதற்காக, "மற்றவர்களெல்லாம் திறப்பு நாளில்தான் பணியேற்கப் போகிறார்கள். நீங்கள் மட்டும் ஆனி நடுவிலேயே ஏன் வந்து கையெழுத்திட்டீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சற்று நாணினார். "ஆடி பொறந்துருமுங்களே ஐயா. கோயில்ல அப்படியெல்லாம் சொல்றதில்லீங்க. ஆனா ஊட்டுல பாப்போமுங்க. ஆனிலயே கைவெச்சுட்டா அப்பறம் நடக்கறது நடந்துட்டே இருக்குமுன்னு அம்மா சொல்லுவாங்க."

அதை அப்போது நான் காதில் வாங்கினேன், கருத்தில் வாங்கவில்லை.

3. கந்தசாமி முதலாளியின் கிடங்கு

மறுநாள் காலை வழிபாட்டை முடித்துக்கொண்டு ராயபுரத்தில் கந்தசாமி முதலாளியைப் பார்க்கப் போனேன். நெசவுக் குடும்பத்தில் பிறந்து பனியன் தொழிலுக்கு வந்தவர். சட்டைப்பையில் எப்போதும் பழனித் திருநீற்றுப் பொட்டலம் இருக்கும். அவர் மகன் எங்களிடம் பி.எஸ்ஸி. படித்து முதல் வகுப்பில் தேறியிருந்தான். அவன் சேர்ந்தால் அவனோடு படித்தவர்களும் சேர்வார்கள்.

அடியவருக்குத் தீய நாள் என ஒன்று இல்லை என்னும் பொருளில் நம் பெரியோர் பாடிவைத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தேன். ஆடிக் கிருத்திகையின் பெருமையையும் சொன்னேன். முதலாளி கைகூப்பியபடியே கேட்டார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாமி, நீங்க சொன்னா அந்த முருகனே வந்து எதுக்க உக்காந்த மாதிரி இருக்குதுங்க. ஆனா பையனை ஆடில சேர்க்க மாட்டேனுங்க."

"ஏன்?"

"ஆடில கும்பிடலாமுங்க. காவடி எடுக்கலாமுங்க. புதுசா ஒண்ணை ஆரம்பிக்கப்படாதுங்க. ஆவணி பொறந்ததும் மொத நாளே கூட்டீட்டு வந்து உட்டர்றேன்."

"ஆவணியில் வகுப்பே இருக்காதே."

உள்ளேயிருந்து அவர் மனைவியார் குரல் கொடுத்தார்: "ஏனுங்க, வாத்தியாரய்யாவைக் கிடங்குக்குக் கூட்டீட்டுப் போயி மிசினைக் காட்டுங்க. அதைப் பாத்தாத்தான் அவங்களுக்கு நம்ம சங்கதி புரியும்."

கிடங்கில் புதிய பின்னல் இயந்திரங்கள் இரண்டு நின்றன. ஒன்றில் நூல் கோத்து ஒரு முழம் துணி பின்னித் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றொன்று சாக்குப் போர்த்தியபடியே கிடந்தது. தீபாவளி ஆர்டருக்கு இரண்டுமே ஆடியில் ஓடியாக வேண்டும்.

"அப்புறம் இதை எப்படி ஆடியில் ஓட்டுவீர்கள்?" என்று சாக்கைக் காட்டிக் கேட்டேன்.

"அதையும் நாளைக்குப் பிரிச்சு ஒரு முழம் ஓட்டி நிறுத்தீருவேனுங்க. ஆனிலயே கைவெச்சாச்சுன்னா ஆடில ஓடறது புதுசு இல்லீங்களே. நடக்கற வேலைதானுங்க. இந்த ஊருல அத்தனை கம்பெனிலயும் இப்படித்தானுங்க."

ரோஸ்லின் அம்மையார் சொன்னது அப்போதுதான் கருத்தில் ஏறியது.

"அப்படியானால், வகுப்பையும் ஆனியில் ஒரு நாள் நடத்திவிட்டால்?"

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமான வகுப்புங்களா? சும்மா பேருக்கு உக்கார வெச்சு அனுப்பிச்சா ஆகாதுங்க. மிசின்ல துணி வந்தாத்தான் ஓட்டுனதுன்னு கணக்கு."

"உண்மையான வகுப்புத்தான்."

"அப்படின்னா ஒம்பது பேரு வருவாங்க. அதுக்கு நானாச்சு."

4. முதல்வரும் அச்சகமும்

முதல்வர் என் யோசனையைக் கேட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"தொறப்பு விழாவுக்கு முன்னாலயே வகுப்பை நடத்திட்டா, துணைவேந்தர் வந்து எதைவே தொறப்பாரு?"

"கட்டடத்தைத் திறக்கட்டும். வகுப்பில் ஆள் இருந்தால்தானே திறப்பதற்கும் பொருள் உண்டு?"

"லேபுக்கு கேஸ் பிளாண்ட் வரலை, எடை போடுத பாலன்ஸ் வரலை. அந்தப் பொண்ணு எதை வச்சு நடத்துவா?"

அதை முன்பே கேட்டு வந்திருந்தேன். "சோப்பும் தண்ணீரும் போதும் என்கிறார்."

முதல்வர் மீண்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "சரிவே. நடத்தும். பல்கலைக்கழகத்துல கேட்டா, தமிழய்யா பூசை பண்ணாருன்னு சொல்லிருதேன்" என்றார்.

அவர் சம்மதித்தது எனக்கு வியப்புத்தான். அவருக்கும் அந்தப் பணியிடத்தின் கவலை இருந்ததென்பதைப் பின்னாளில் உணர்ந்தேன்.

இனி, புதிய நாளைப் பெற்றோருக்குத் தெரிவிக்கும் சிறு மடல் ஒன்று உடனே வேண்டும். எங்கள் வேலையைச் செய்யும் அச்சகத்துக்கு ஓடினேன். பனியன் பெட்டி லேபிள்களும் கோயில் நோட்டீசுகளும் அச்சடிக்கும் இடம் அது. உரிமையாளர் நாச்சிமுத்து என்னைக் கண்டதும் இரு கைகளையும் விரித்தார்.

"வராதீங்க சாமி. ஆடி பொறக்கறதுக்குள்ள அடிச்சுக் குடுன்னு ஊரே மேல உழுகுது. வெள்ளைப் பேப்பரு ஒரு தாள்கூட இல்லீங்க."

"ஏதாவது ஒரு தாளில் அடித்துக் கொடுங்கள். நான்கு வரிதான்."

அவர் மூலையில் கிடந்த கட்டைக் காலால் தள்ளிக் காட்டினார். கலர் கொஞ்சம் விலகிப்போனதால் கழித்துவைத்த லேபிள் அட்டைகள். முன்பக்கம் மயில்மேல் முருகன். கீழே 'சைஸ் 85'. பின்பக்கம் வெறுமை.

நான் தயங்கினேன். இறைவன் திருவுருவத்தின் பின்னே அறிவிப்பு அடிப்பது முறையா என்று மனம் இடறியது. பெட்டிதோறும் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற பெருமான், எங்கள் வகுப்புக்காக ஒன்பது வீடுகளுக்குப் போக மறுக்கமாட்டான் என்று தேறினேன்.

பின்பக்கத்தில் இவ்வாறு அச்சாயிற்று: 'முதுகலை வேதியியல் முதல் வகுப்பு ஆனித் திங்கள் கடைசி வெள்ளி காலை, இராகு காலத்துக்கு முன். வகுப்பு எடுப்பவர்: செல்வி ரோஸ்லின், விரிவுரையாளர். மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்று நீர் ஒரு புட்டி கொண்டு வருக.'

முதல்வர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னவே இது! எம்.எஸ்ஸி.க்கு சைஸ் போட்டு விட்டிருக்கீரு?" என்றார். அன்று முழுவதும் ஆசிரியர் அறையில் யாரைப் பார்த்தாலும், "நீர் எந்த சைஸுவே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

5. வெள்ளிக்கிழமை

ஒன்பது மாணவரும் தந்தையரோடு வந்துவிட்டனர். பெஞ்சுகளில் வார்னிஷ் வாடை போகவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தண்ணீர்ப் புட்டி. ரோஸ்லின் அம்மையாரை மட்டும் காணோம். அவர் வர வேண்டிய டவுன் பஸ் வழியில் நின்றுவிட்டதாகப் பின்னால் வந்த யாரோ சொன்னார்.

பத்து மணி ஆயிற்று. பத்தரைக்கு இராகு காலம். தந்தையர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஒருவர் மகனின் தோளைத் தொட்டு, "கண்ணு, புட்டியை எடுத்துக்க" என்றார்.

முதல்வர் மேடையேறிச் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுத்தார். "எல்லாரும் உக்காருங்க. முதல் வகுப்பை நானே எடுக்கேன்."

கந்தசாமி முதலாளி எழுந்து நின்று மிகுந்த மரியாதையோடு தடுத்தார். "தப்பா நெனைக்காதீங்க. நீங்க சரித்திரமுங்க. மிசினை யாரு ஓட்டப்போறாங்களோ அவங்க கைதானுங்க மொதல்ல படோணும்."

"அப்ப அந்தப் பொண்ணு வரலைன்னா?"

"ஆவணிங்க."

முதல்வர் சுண்ணாம்புக் கட்டியை வைத்துவிட்டு வாயிலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. நான் மனத்துள் பதிகம் ஓதத் தொடங்கினேன். எந்தப் பதிகம் என்று இப்போது நினைவில்லை. இடையில் அடிகள் மாறிப்போயின.

அப்போது கல்லூரி வாயிலில் ஒரு சைக்கிள் நுழைந்தது. உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டிய காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நின்றபடி மிதித்துக்கொண்டு வந்தார். ஷிப்ட் முடிந்து வரும் வழியில், நின்ற பஸ்ஸின் அருகே மகளைக் கண்டு ஏற்றிக்கொண்டு வந்த அந்தோணி அவர். பின்னால் கேரியரில், சோப்புக் கட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரோஸ்லின் அம்மையார். இறங்கியவர் எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே மேடைக்குப் போய், "வாட்டர் ஹார்ட்னஸ்" என்று நீரின் கடினத்தன்மையைத் தலைப்பாகக் கரும்பலகையில் எழுதினார்.

மணி பத்தரையைத் தொடவில்லை.

ஒவ்வொருவர் நீரிலும் அளவாகச் சோப்புக் கரைசலை ஊற்றிக் குலுக்கச் சொன்னார். ஆற்றங்கரைக் கிணற்று நீர் சட்டென நுரைத்தது. சில புட்டிகளில் நுரை வந்து அடங்கியது. கந்தசாமி முதலாளியின் மகன் குலுக்கிக் குலுக்கிக் கை ஓய்ந்தான். திரிந்த பாலின் திப்பிபோல் ஏதோ மிதந்ததே தவிர நுரை எழவில்லை. நீரில் கரைந்த உப்புகள் சோப்பைப் பிடித்துக்கொள்வதையும், அந்தத் திப்பி துணியில் ஒட்டினால் வெளுப்பு மங்குவதையும் ரோஸ்லின் அம்மையார் படம் வரைந்து விளக்கினார்.

தந்தையர் வரிசையிலிருந்து முதலாளியின் குரல் எழுந்தது. "ஏனுங்க டீச்சர், எங்க கெணத்துத் தண்ணிதான் காரணமுங்களா? துணி மங்கலா இருக்குதுன்னு ப்ளீச்சிங் மேஸ்திரியை நான் திட்டாத நாளே இல்லீங்களே!"

"மேஸ்திரி பாவமுங்க" என்றார் ரோஸ்லின் அம்மையார்.

வகுப்பே சிரித்தது. "அப்ப இதுக்கு என்ன வழிங்க?" என்று அவர் விடாமல் கேட்டார்.

"அது அடுத்த கிளாஸ்லங்க."

"அடுத்த கிளாஸு எப்பங்க?"

"ஆடி ஒண்ணுங்க."

முதலாளி ஒரு கணம் திகைத்தார். பிறகு, "சரிங்க. அதுதான் கைவெச்சாச்சே" என்று அமர்ந்தார். அன்று மாலைக்குள் ஒன்பது பேரும் சேர்ந்துவிட்டனர்.

6. அட்டையின் இரு பக்கங்கள்

துணைவேந்தர் ஆடி முதல் நாளில் வந்து நடந்துகொண்டிருந்த வகுப்பைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு மடலில், செல்வி ரோஸ்லின் பணி உறுதி செய்யப்பட்டார் என்ற செய்தியை நானே எழுதிச் சேர்த்தேன். அதன் பிறகு தாம் ஓய்வு பெறும் வரை, மடலில் ஒரு நாளைக் குறிப்பதற்கு முன் முதல்வர் என்னை அழைத்து, "ஊர்ல என்னவே சொல்லுதாங்க?" என்று கேட்காமல் இருந்ததில்லை. நானும், கேட்பவர் விரும்பிக் கேட்பதனால் அவர் உடன்பட்டுவிட்டார் என்று எண்ணுவதை விட்டேன். கந்தசாமி முதலாளி என் பாடல்களுக்குக் கண்ணீர் விட்டார்; ஆனால் அவரை அசைத்தது ஒரு முழம் துணி.

அந்த லேபிள் அட்டையை இரண்டு வீடுகளில் பின்னர்ப் பார்த்தேன். ராயபுரத்தில் முதலாளியின் பூசையறையில், சட்டம் போட்டு, மயிலும் முருகனும் தெரியும்படி மாட்டியிருந்தார்கள். நெருப்பெரிச்சல் பக்கம் அந்தோணி வீட்டில், மாதா படத்துக்குக் கீழே, ரோஸ்லின் என்னும் பெயர் தெரியும்படி மாட்டியிருந்தார்கள்.

"பின்னால் சாமி படம் இருக்கிறது என்று தெரியுமா?" என்று அந்தோணியிடம் கேட்டேன்.

"தெரியாமங்களா?" என்றார் அவர். "அதனாலதானுங்க சாமி மொகத்துல பசை தடவிச் சொவத்துல ஒட்டாம, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கறேன்."