செத்தவர் பட்டியலில் உங்கள் அம்மா

உங்கள் அம்மாவின் பெயரைச் செத்தவர் பட்டியலில் எழுதியவன் நான்தான். ஒரு தடவை அல்ல, நான்கு வருடம்.

அப்போது நான் திருச்சியில் ஒரு மாதா கோவிலில் கோவில்பிள்ளை. மணி அடிப்பதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் என் வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றாலும் கையெழுத்து நன்றாயிருக்கும். அதனால் செத்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்குச் சனங்கள் சீட்டில் தரும் பெயர்களையெல்லாம் ஒரே தாளில் எழுதுவேன். சாமியார் பூசையில் வாசிப்பார்.

தென்னூர்க்காரர் ஒருவர் வருடந்தோறும் மூன்று பெயர் தருவார்: அண்ணன், அண்ணி, அவர்கள் மகள். மூவரும் வாந்திபேதியில் போனார்களாம். அண்ணன் வீட்டில் இவர்தான் குடியிருந்தார்.

மகள் சாகவில்லை. ஆறு வயதில் அவளை ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டு, அவளும் செத்தாள் என்று சொல்லியிருந்தார். அங்கே வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். பதினெட்டு வயதில், அப்பா அம்மாவுக்காகப் பூசை காண அவள் ஆற்றுப் பாலம் கடந்து வந்தாள்.

மூன்றாவது பெயரை வாசித்ததும் பெண்கள் பகுதியில் அவள் எழுந்து நின்றாள்.

"சாமி, நிறுத்துங்க. அது நான். நான் சாகலை."

"யாரோ கிறுக்கு, சாமி. நீங்க வாசிங்க" என்றார் அந்தத் தென்னூர்க்காரர், அவள் சித்தப்பா.

"பூசை முடிஞ்சு எல்லாரும் கல்லறைக்குத்தானே போறோம்? என் கல்லறையைக் காட்டுங்க சித்தப்பா. நானும் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்துறேன்."

ஒரு அம்மாள் சிரித்தேவிட்டாள். கல்லறைத் தோட்டத்தில் கூட்டமே சித்தப்பா பின்னால் நின்றது. இரண்டே சிலுவைகள். பக்கத்தில் வெறும் புல். சாவுப் பதிவேட்டைப் பார்க்காமல் எழுதினேனே என்று எனக்குக் கூசியது.

சித்தப்பா வேர்த்துப்போய் அவள் கையைப் பிடித்தார். "ஊரே சிரிக்குது. வா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"கிறுக்கையா வீட்டுக்குக் கூப்பிடுறீங்க? யார் வீட்டுக்கு?"

அவர் பிடித்த கையை விட்டார்.

"எங்கப்பா வீட்டுக்கு" என்று தானே சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். பாதிக் கோவில் பின்னால் போனது. முன்னறையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். தனியாக உலை வைத்துச் சாப்பிட்டாள். கிறிஸ்துமஸுக்கு முன் சித்தப்பா வேறு வீடு பார்த்துக்கொண்டார். நீங்கள் பிறந்ததெல்லாம் அந்த அறையில்தான்.

அன்று சாயங்காலமே என்னைத் தேடி வந்தாள்.

"எழுதினது நீங்கதானா?"

"ஆமாங்க."

"அந்தப் பேரை என் முன்னாடி அடிங்க."

அடித்தேன்.

"ஒரு கோடு பத்தாது. இன்னும் படிக்க முடியுது."

பேனா முள் தாளைக் கிழிக்கும்வரை அடித்தேன். இப்போதும் எந்தக் காகிதத்திலும் அவள் தன் பெயரோடு தன் அப்பா பெயரையும் முழுசாக எழுதச் சொல்வது அதனால்தான். சுருக்கி எழுதாதீர்கள்.