மெரன் அள்ளி வந்த மௌனம்

"யாரும் அசையாதீங்க. வயிறு கத்தினாக்கூட வெளிய அனுப்பிடுவேன்," என்றாள் மெரன். சமையலறையில் இருந்த நான்கு பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். சுவர்க் கடிகாரம் மெத்தைக்கு அடியில் போய்விட்டது. குளிர்சாதனப் பெட்டியை அணைத்தாயிற்று. அவள் அண்ணன் டாரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டு நடைவழியைப் பார்த்து மைக்கை நீட்டினான். ஒரு நிமிடம், அந்த வீட்டின் வெறும் மௌனம் மட்டும் பதிவாயிற்று.

படம் எடுக்கிறவர்களின் வழக்கம் இது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மௌனம் உண்டு. இரண்டு வசனங்களுக்கு நடுவே அதுவும் இல்லாமல் விட்டால் திரை செத்துப்போனது போலிருக்கும். அதனால் அந்த ஒரு நிமிடத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டிப் படம் நெடுக அடியில் விரித்துவிடுவார்கள். மற்றவர்கள் கடனே என்று செய்வதை மெரன் ஆசையாகச் செய்வாள். ஒவ்வொரு மௌனத்தின் குணத்தையும் ஓர் அட்டையில் எழுதி வைப்பாள்: 'தபால் ஆபீஸ், சிடுமூஞ்சி.' 'மாதா கோயில், தூக்கக் கலக்கம்.'

வயது நாற்பத்து நான்கு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், மேற்குக் கரையில், மழை நின்றால் ஊரே சந்தேகமாக வானத்தைப் பார்க்கும் துறைமுக ஊர். வாரநாட்களில் சுற்றுலாக் குடில்களைச் சுத்தம் செய்வாள், சனி ஞாயிறில் படம் எடுப்பாள். பதினோரு வருடத்தில் நான்கு படங்கள், நான்கிலும் கதாநாயகி அவளேதான். "சம்பளம் கேக்காம நேரத்துக்கு வர்ற ஒரே நடிகை நான்தானே," என்பாள். படத்தில் முகம் அவளுடையதுதான், கூட நடிக்கிறவர்களின் காது மட்டும்தான் பெரும்பாலும் தெரியும். ஊர் பேக்கரிக்காரர் கிண்டலை விடமாட்டார். "இந்தத் தடவை எத்தனாவது நிமிஷத்துல சாகற?" என்பார். "நான் சாகல. உங்கள மாதிரி ஒருத்தர் சாகறாரு," என்று சொல்லிவிட்டு அவரிடம் வாங்கிய இறைச்சி பஃப்ஸைக் கடித்துக்கொண்டே போவாள்.

நான்காவது படத்தை அதே ஊர் நோரீன் பாஸ்கோ வீட்டில் எடுத்தாள். நோரீனின் கணவர் ஆல்ஃப் ஜனவரியில் போய்ச் சேர்ந்தவர். மார்ச்சில் தங்கை வீட்டுக்குப் புறப்பட்ட நோரீன், நான்கு நாளைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வீட்டு மௌனத்தைத்தான் மெரன் அன்று பிடித்து வந்தாள். விழாவுக்கு அனுப்பும் அவசரம். முதல் பத்து நொடி கேட்டாள், சரி என்று ஒட்டிவிட்டாள். மௌனத்தை யார் கடைசி வரை கேட்கிறார்கள்?

ஆகஸ்டில் மெல்போர்ன் பட விழாவிலிருந்து கடிதம் வந்தது. பதினோரு வருடத்தில் முதல் சம்மதம். 'நடைவழியில் இருமிக்கொண்டே இருக்கிறாரே, கண்ணில் படாத அந்தக் கிழவர், அவர்தான் உங்கள் படத்தின் உயிர். இறுதிப் பிரதியை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.'

படத்தில் கிழவர் யாரும் கிடையாது.

திங்கட்கிழமை அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து அந்த நிமிடத்தைக் கேட்டார்கள். நாற்பத்தோராவது நொடியில், பதிவன்று டாரில் காதில் விழாத ஒரு வறட்டு இருமல், தூரத்தில். நிமிடத்தை ஒட்டி ஒட்டி விரித்ததால் அது படம் முழுக்க எண்பது தடவை கேட்டது. மறுநாள் போட்டபோது முப்பத்தெட்டாவது நொடிக்கு வந்திருந்தது, கொஞ்சம் பக்கத்தில். புதன்கிழமை காலையில் மைக்கை ஒட்டியே கேட்டது, கூடவே செருப்பைத் தேய்க்கும் சத்தமும்.

"வழி தெரியாமத் தேடுறாரு போல," என்று டாரில் சிரித்தான். சிரித்தவன் ஹெட்போனைக் கழற்றித் தூரமாக வைத்தான்.

அன்று மதியம் மெரன் குடிலில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது நோரீன் நனைந்த கோட்டோடு வந்து நின்றார். "கண்ணு, ஒண்ணு கேப்பேன். பைத்தியம்னு நினைக்கக்கூடாது."

"சொல்லுங்க நோரீன்."

"ஆல்ஃப் போனதுக்கப்புறமும் தெனம் காலைல நடைவழில இருமுவாரு. நான் யாருகிட்டயும் சொல்லல. நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து சத்தமே இல்ல. அவரையும் சேர்த்து அள்ளிக்கிட்டுப் போயிட்டீங்களோன்னு ஒரு நினைப்பு."

மெரன் விரிப்பைக் கட்டிலில் போட்டாள். "நாங்க எடுத்த பதிவுல ஒரு இருமல் இருக்கு. அதுக்கு நகல் ஒண்ணு எடுத்துத் தரேன். வேணுங்கறப்போ போட்டுக் கேளுங்க."

"நகல் வேணாம். அவரை விட்டுரு."

சாயங்காலம் டாரில் யோசனை சொன்னான். "அந்த நிமிஷத்தை அழிச்சுட்டு நீயே இருமிடு. பெரிய நடிகைதானே." மெரன் நாற்பது தடவை குரலை மாற்றி மாற்றி இருமினாள். போட்டுக் கேட்டால் எல்லாமே நடிப்பு. மேஜையில் தலை வைத்து அழுதாள். பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த வாசல் அது, அதைத் திறந்துவிட்டது யாரோ ஒருவரின் இருமல் என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை கணினியையும் ஒலிப்பதிவுக் கருவியையும் தூக்கிக்கொண்டு இருவரும் நோரீன் வீட்டுக்குப் போனார்கள். அள்ளிய இடத்திலேயே விட்டுவிட, நடைவழியில் வைத்தே மெரன் பதிவை ஒவ்வொன்றாக அழித்தாள். முதலில் கருவியில் இருந்தது, பிறகு கணினியில் இருந்தது. படத்துக்கு அடியில் விரித்தது மட்டும் மிச்சம்.

"யோசிச்சுக்க. கிழவர் எங்கேன்னு கேப்பாங்க," என்றான் டாரில்.

"படத்துல நான் இருக்கேன்ல."

"அவங்க உனக்காகவா படத்தைத் தேர்ந்தெடுத்தாங்க?"

"இல்லதான்," என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள்.

நோரீன் சமையலறை வாசலில் டீக் கோப்பையோடு நின்றார். தகரக் கூரையில் மழை விழுந்தது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. மெரன் எழுந்து நடைவழியின் நடுவில் நின்று ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள். "மன்னிச்சுக்கோங்க நோரீன், என்னால முடிஞ்சது..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். ஒயரை மார்போடு சேர்த்துப் பிடித்து, தோளைச் சுவரில் ஒட்டி, ஒருவர் கடந்து போகும் அளவுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.