இடக்கை வில்

செல்லியின் இடக்கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் இல்லை. பதினேழு வயதில் புளியங்கிளை கழிக்கும்போது கொடுவாள் சறுக்கியது. அந்தக் கையோடு, இருபத்தொன்பது வயதில், வயலின் கற்க வேண்டும் என்று மலையிறங்கிப் போளூரில் இரண்டு வாத்தியார்களைப் பார்த்தாள். ஒருவர் கையைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். மற்றவர், "தாளம் போடக் கத்துக்கோம்மா, அதுக்கு இந்தக் கை போதும்" என்றார்.

மூன்றாவதாக, மலைமேலேயே இருக்கும் ஜமுனாமரத்தூரில் சாந்தம்மாளிடம் வந்தாள். தபால்காரர் அருணகிரியின் மனைவி, வயது முப்பத்துமூன்று; கதாகாலட்சேபங்களுக்கு வாசித்த தன் அப்பாவிடம் கற்றவள். வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்து வந்தாள். அன்று 1978 ஜூன் 12, திங்கட்கிழமை.

"இந்தக் கையால இன்னா பண்ணுவ?"

"வில்லைப் புடிப்பேன்க்கா. கம்பியில வெரல் வைக்க வலக்கை முழுசா இருக்குதே."

"வில்லு வலக்கையிலதான் புடிக்கணும்."

"யாரு சொன்னது?"

சாந்தம்மாள் யோசித்தாள். அப்பா சொன்னது, அப்பாவுக்கு அவருடைய வாத்தியார் சொன்னது. அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. அன்று மாலையே தன் வயலினின் நான்கு கம்பிகளையும் கழற்றி, அவற்றைத் தாங்கும் குதிரையைத் திருப்பி வைத்து, இடம் வலமாக மாற்றிக் கட்டினாள். செல்லியிடம் வயலின் கிடையாது. இருந்தது இந்த ஒன்றுதான்.

"இன்னாமே, அப்ப நீ எதுல வாசிப்ப?" என்றார் அருணகிரி.

"இதுலயேதான்."

புதிதாக வருகிறவர்களுக்குச் சாந்தம்மாள் வைத்திருந்த முறை இது: முதல் நாற்பது நாள் கம்பியில் விரலே வைக்கக் கூடாது. எட்டு எண்ணும்வரை வில்லை நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராக இழுக்க வேண்டும். தினம் காலையில் நூறு முறை. ஆனால் வாசித்துக் காட்டாமல் ஆரம்பப் பாடம் நடக்காது. ஆகவே இருபது வருடம் வாசித்தவள், இடக்கையில் வில்லைப் பிடித்து, தானும் முதல் பாடத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பூனைய மிதிச்சாப்ல இருக்குது."

"உன்னுது மட்டும் இன்னாடி? தகரத்தைத் தேய்ச்சாப்ல இருக்குது. இழு, இன்னும் அறுபது பாக்கி."

நாற்பத்தோராம் நாள் செல்லி விரல் வைத்தாள். தீபாவளிக்குள் வாத்தியாரை முந்திவிட்டாள்.

ஆண்டுதோறும் கண்ணமங்கலம் பஜனை மடத்தில் சுற்றுவட்டார வாத்தியார்கள் தங்கள் மாணவர்களை வாசிக்க வைப்பார்கள். வாத்தியார் முதலில் ஆரம்பப் பாடமான பதினான்கு சரளி வரிசைகளையும் வாசிக்க வேண்டும், பிறகு மாணவர். 1979 ஜனவரி 28, ஞாயிறு. பாடம் தொடங்கி 230 நாள். இருவரும் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். செல்லி சுருதி சேர்க்கும்போதே மடத்து வித்வான் ராஜாக்கண்ணு பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது? எடக்கையில வில்லா? சபைன்னு ஒரு மரியாதை வாணாம்? வில்லு நுனி பக்கத்துல உக்கார்ற மிருதங்கக்காரர் கண்ணைக் குத்திடும்."

"ஓரமா உக்கார்றோம்ங்க ஐயா" என்றாள் சாந்தம்மாள்.

"அவ மேடை ஏற வாணாம். நீ மட்டும் வாசிச்சுட்டுப் போ. இந்தா, என் வயலின், வலக்கையிலயே வாசி."

சாந்தம்மாள் அதை வாங்கவில்லை. தன்னுடையதை எடுத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்து, இடக்கையில் வில்லைப் பிடித்தாள். சபையில் சலசலப்பு. மூன்றாம் சரளி வரிசையில் சுருதி விலகியது. ஐந்தாவதில் வில் கீச்சிட்டது; யாரோ சிரித்தார்கள். காது மடல் சிவக்க, பதினான்கையும் வாசித்து முடித்தாள்.

"முப்பது வருசமா நடத்தறேன். ஒரு வாத்தியாரு இப்பிடி வாசிச்சு நான் கேட்டதில்ல" என்றார் ராஜாக்கண்ணு.

"எடக்கைக்கு நானும் எரநூத்தி முப்பது நாள் பழக்கந்தாங்க ஐயா. என்னை யாரும் எறக்கல. இவ என்னைவிட நல்லா வாசிப்பா. இவளை மட்டும் எப்பிடி எறக்குவீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் வயலினைச் செல்லியிடம் நீட்டினாள். செல்லி மேடை ஓரத்தில் உட்கார்ந்தாள். பதினான்கு வரிசைகள், ஒன்பதாவதில் ஒரே ஒரு பிசகு. இரண்டாம் வரிசையிலேயே மிருதங்கக்காரர் ஒரு முழம் நகர்ந்து அவள் வில்லுக்கு இடம் விட்டு, தாளத்தோடு சேர்ந்துகொண்டார்.

அடுத்த ஆண்டு மடத்திலிருந்து அழைப்பு வரவில்லை. "தபால்காரன் வூட்டுக்கே தபால் வரலியா!" என்று அருணகிரி சிரித்தார்.

1980 ஜனவரி 27, ஞாயிறு. காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த சாந்தம்மாளும் செல்லியும் அழைப்பில்லாமலே நேரே மடத்துக்குள் போய், மேடையின் அதே ஓரத்தில் உட்கார்ந்தார்கள். செல்லி பெட்டியைத் திறந்து சுருதி சேர்க்க ஆரம்பித்தாள்.