கடிக்காத ரொட்டி

கோகந்த் நகரச் சந்தைக்குப் பின்னால் ரொட்டி சுடும் மஸ்தூராவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மாவில் தவிடு கலந்திருந்தால் மில்காரனை நடுத்தெருவில் நிற்க வைத்து மானத்தை வாங்கிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளின் வாயை ஒன்றரை வருடமாகக் கட்டிப்போட்டது வலது கன்னத்து நரம்பு. காற்றுப் பட்டாலும், ஒரு வாய் மென்றாலும் கன்னத்துக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் வெட்டும். பல்வலி என்று நினைத்து மூன்று நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டாள். பற்கள்தான் போயின.

ஃபெர்கானா ஆஸ்பத்திரியில், நரம்புக்குப் பக்கத்திலேயே ஊசி போட்டு அதை மரக்க வைக்கலாம் என்றார்கள். முகத்தில் ஊசியா! கேட்டதுமே பயந்துபோனாள்.

அதைவிடப் பெரிய பயம் புறப்படும் காலையில் வந்தது. அந்த ஊர் வழக்கப்படி, வெளியூர் போகிறவர் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சம் சுவர் ஆணியில் தொங்கும். அது ஆளைத் திரும்ப வரவழைக்கும் என்பது நம்பிக்கை; வந்து தின்று முடிக்க வேண்டும். அவள் தம்பி ஷவ்கத் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போன அன்று, "பஸ் போயிடும்க்கா, வந்து முழுசாவே தின்னுக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே ஓடினான். சவப்பெட்டியில்தான் வந்தான்.

புருஷன் துர்குன் ரொட்டியை நீட்டினான். "சின்னதா கடி, போதும்."

வாயருகே கொண்டுபோனாள். உதடு பட்டதுமே கன்னம் சுரீரென்றது. அவன் வண்டிச் சாவியை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, ஓரத்தை நகத்தால் கிள்ளி, துண்டைச் சட்டைக் கைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"கடிச்சாச்சு. மாட்டிட்டு வாங்க" என்றாள். கட்டிய புருஷனிடம் சொன்ன பொய் வழியெல்லாம் கூடவே வந்தது.

முதல் நாள் பரிசோதனையிலேயே போயிற்று. மறுநாள் மதியம் மேசையில் படுத்தாள்.

"என்னக்கா, இப்படி நடுங்கறீங்க?" என்றாள் டாக்டர் சைதா. "ஊசி உள்ள இருக்கறப்ப அசையவே கூடாது."

"நாளைக்கு வெச்சுக்கலாமா டாக்டரம்மா? வீட்ல ஒரு வேலை பாக்கி."

"அப்படி என்ன வேலை?"

"ரொட்டி கடிக்கணும்."

டாக்டரும் அந்தப் பக்கத்துக்காரிதான். சிரிக்கவில்லை. அதுவே மஸ்தூராவுக்கு இன்னும் கிலியாக இருந்தது.

"கடிக்க முடிஞ்சா இங்க எதுக்குக்கா வரப்போறீங்க? கண்ணை மூடிக்குங்க."

ஊசி காதுக்கு முன்னால் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. ஷவ்கத்தின் பெட்டியைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. சத்தமில்லாமல் அழுதாள், ஆனால் அசையவில்லை. பிறகு பாதி முகம் காணாமல் போயிற்று.

"சாயங்காலம் வரைக்கும் எதையும் மெல்லாதீங்க. கன்னத்தையே கடிச்சுக்குவீங்க, தெரியாது" என்றாள் டாக்டர். "மரப்பு போனதும் பாருங்க. சிலருக்கு வலி மாசக்கணக்குல வராது. சிலருக்கு அன்னிக்கே திரும்பிடும்."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

உள்ளே வந்ததும் நேராக ஆணியிடம் போனாள். ரொட்டி காய்ந்து விறைத்திருந்தது. தன் நகக்கிள்ளலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடி. நடுவில், துர்குனின் உடைந்த முன்பல் விட்ட இடைவெளி.

"நீங்களா?"

"உன் நகத்தடம் எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா உன் ரொட்டிதானே திங்கறேன். நானும்தானே உன்கூடப் புறப்பட்டேன், அதான் கடிச்சு வெச்சேன்."

"திட்டிருக்கலாமே."

"திட்டினா நீ ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பியா?"

ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் இறங்க இறங்க உதட்டோரம் ஊறலெடுத்தது. கன்னம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கூடவே வலியும் வருகிறதா? விரலால் தொட்டுப் பார்க்கக்கூட அவளுக்குத் துணிவில்லை. துர்குன் எதிரே உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

முகம் முழுசாக வந்துவிட்டது. இனிச் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது பக்கத்தாலேயே கடித்தாள்.

துர்குன் பாதி எழுந்துவிட்டான். "என்ன? வலிக்குதா?"

அவள் கண்ணில் நீர் வழிந்தது. மென்றாள். இன்னும் மென்றாள்.

"கல்லு மாதிரி இருக்கு," என்றாள். "எந்த மில்காரன் மாவு இது?"